அப்பா எரிக்காத கம்ப்ரெசர்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். தொழிற்சாலை விவகாரத்தை மட்டும் இதில் எழுத வேண்டாம், அவர் ஆத்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அவர் ஆத்மாவுக்கு இதனால் ஒரு குறையும் வராது. சொன்னவர்களுக்குத்தான் சங்கடம். ஆகவே அதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா கர்நாடகத்தில் ஹனூருக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மைசூரில் ஐ.டி.ஐ. படித்து, அங்கேயே பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சில்லர் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அச்சு இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த நீரை அனுப்புவது சில்லர். அதற்கு உயிர் கம்ப்ரெசர். ஆயில் குறைந்தாலும் அழுத்தம் ஏறினாலும் கம்ப்ரெசரைத் தானாக நிறுத்தும் கருவிகள் பேனலில் இருக்கும். கூடவே ஒரு டைமரும் உண்டு. கம்ப்ரெசர் நின்றாலோ மின்சாரம் போய் வந்தாலோ, ஐந்து நிமிடம் அது மறுபடி ஓட விடாது. மோட்டாரின் சூடு இறங்கவும் உள்ளே வாயுவின் அழுத்தம் சமமாகவும் அந்த நேரம் வேண்டும். “ஓடி வந்து நின்னவன மூச்சு வாங்க உடோணும்ல” என்பார் அப்பா.

நாளுக்கு நாலு தடவை மின்சாரம் போகும் ஊரில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் பிடிக்காது. டைமருக்குக் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போட்டு உடனே ஓட்டிவிடுவார்கள். அப்பாவின் ஷிப்டில் மட்டும் அது நடக்காது. ‘டைமர் சாமி’ என்று கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் பூஜையை முடித்து எல்லா இயந்திரத்தையும் ஒரு தரம் ஓட்டிவிடுவது அங்கே வழக்கம். கம்ப்ரெசருக்குப் பொட்டு வைக்கும்போது மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம் இருந்தது. டைமர் விடுவதற்குள் ராகு காலம் பிறந்துவிடும்.

“ஏன்ரீ, ஒரு நிமிஷத்துக்காக ராகு காலத்துல ஸ்டார்ட் பண்றதா? வயரைப் போடுங்க” என்றார் கன்னடக்காரரான சூப்பர்வைசர்.

“கம்ப்ரெசருக்கு ராகு காலமெல்லாம் தெரியாதுங்க சார். வோல்டேஜும் சரியில்லீங்க. நான் போட மாட்டனுங்க.”

பக்கத்தில் எங்கள் தாய்மாமா நின்றிருந்தார். அங்கே எலெக்ட்ரீஷியன், வேலை நிரந்தரமாகாத சமயம். சூப்பர்வைசர் அவர் பக்கம் திரும்பினார். “வேண்டாம் மாப்ள” என்று அப்பா சொல்லச் சொல்ல மாமா வயரைப் போட்டார். கம்ப்ரெசர் நல்ல நேரத்தில்தான் ஓடத் தொடங்கியது. ஒரே நிமிடத்துக்குள் மின்சாரம் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. தடுக்க டைமர் இல்லாததால் மோட்டார் ஒவ்வொரு தடவையும் உடனே கிளம்பப் பார்த்தது. வைத்த குங்குமம் காய்வதற்குள் மோட்டாரின் செப்புச் சுருள் எரிந்து புகை வந்துவிட்டது.

இரண்டு நாளில் அப்பாவிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். ‘என் கவனக்குறைவால் மோட்டார் எரிந்தது, மன்னிக்கவும்’ என்று தட்டச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் சஸ்பெண்ட். அப்பா போடவில்லை.

ஹனூரிலிருந்து பெரியப்பா வந்து, “ஒரு கையெழுத்துத்தானே தம்பி, போட்டுட்டுப் பொழப்பப் பாரு” என்றார்.

“செய்யாத தப்புக்கு என்ற கை எழுதாதுங்கண்ணா” என்றார் அப்பா.

விசாரணையில் வயரைப் போட்டது யார் என்று கேட்டார்கள். “போடச் சொன்னது யாருன்னு மொதல்ல எழுதுங்க. அப்புறம் நான் சொல்றேன்” என்றாராம். அதை எழுத அங்கே ஒரு பேனாவும் துணியவில்லை. எட்டு மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஓட்டல்களில் ஃப்ரிட்ஜ் பழுது பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அம்மா ஒரு நாள்கூட அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. கடைசியில் அவர் இல்லாமல் சில்லர் ஒழுங்காக ஓடாததால் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனாலும் அவருடைய ஃபைலில் ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று ஏற்றிவிட்டார்கள்.

சொந்தக்காரர்களான நீங்கள் அதற்கும் ஒரு படி மேலே போனீர்கள். கல்யாண வீட்டில், காதுகுத்தில், “மிஷினை எரிச்சவர்” என்று அவர் காதுபடவே சொன்னீர்கள். பிழைக்கத் தெரியாதவர் என்றீர்கள். மாமாவின் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். அவர் சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள் யாராவது இதைச் செய்வார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் நெஞ்சு வலியால் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமா அவர் காலடியில் உட்கார்ந்து, “இப்பவாவது நான் சொல்லீர்றனுங்க மச்சான்” என்று அழுதார். “உன்ற பசங்க படிப்பு முடியட்டும் மாப்ள” என்றார் அப்பா. நான்காம் நாள் காலையில் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரைக் கவனித்துக்கொண்ட டாக்டர், நர்ஸ்களுக்கும், துக்கத்தில் அடுப்பு மூட்டாத எங்களுக்கு மூன்று நாள் சாப்பாடு கொடுத்த பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த ஷிப்டுத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. சூப்பர்வைசரின் பெயரை நான் எழுதவில்லை. அவருக்கும் ஒரு மலர் தபாலில் போயிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மாமாவிடம் காட்டினேன். தாய்மாமா என்பதை அடித்துவிட்டு யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். மாமா அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறார், அவருடைய சின்னவன் இன்னும் படிக்கிறான். மாமா இரண்டு தடவை படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி அடியில் எழுதியதை அச்சகத்தார் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மகள்

வயரைப் போட்டவன் நான். மச்சான் வேண்டாம் என்றுதான் சொன்னார்.
(கையெழுத்து) மைத்துனன்