அழுத்திய கை

பிளேடைக் கழற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பீரோவின் மேல் வைத்த பிறகுதான் மரம் சீவும் இழைப்புளியை மகளின் கையில் கொடுத்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஃபர்னிச்சர் டிசைன் படிக்கிறாள். அந்தப் பழைய இரும்பு இழைப்புளியை சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அவளே தேடி எடுத்திருந்தாள். அடிப்பாகம் மட்டமாக இல்லை. பலகையில் ஓட்டினால் சில இடத்தில் சீவியது, சில இடத்தில் வழுக்கியது. மட்டமான ஒன்றின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

"பிளேடு உள்ள இருக்கணும் பா. மேல ஏத்தி, டைட் பண்ணி வெச்சுத்தான் தேய்க்கணும். இல்லன்னா அடி வேற மாதிரி நிக்கும். அப்புறம் பிளேடை மாட்டினா மறுபடி கோணல்," என்றாள்.

"கோணலா இருந்துட்டுப் போகட்டும். விரல் இருக்கணும் இல்ல?"

"பிளேடுக்கு லாக்கர் வேற. சாவி யாருகிட்ட, பேங்க் மேனேஜர்கிட்டயா?"

நான் அப்படித்தான். அவள் ஸ்கூட்டரில் ஓசூர் ரோட்டுக்குப் போனால், திரும்பும்வரை போனைக் கீழே வைக்க மாட்டேன்.

அடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டில் மட்டமான இடம் என்றால் சமையல் மேடையின் கிரானைட் மட்டும்தான். மனைவி விடவில்லை.

"நான் சப்பாத்தி தேய்க்கிற கல்லு அது. அதுல இரும்புத்தூள் கொட்டுவீங்களா? அப்பனும் பொண்ணும் வெளிய போங்க."

எனக்குப் பழைய ஷோகேஸின் கண்ணாடித் தட்டு ஞாபகம் வந்தது. அதை எடுத்து, பால்கனியில் இருந்த துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தேன். தேய்ந்து நடுவில் குழிந்துபோன கல். கண்ணாடி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மகள் அடிப்பாகம் முழுக்க மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டாள். கோடு அழிந்தால் அந்த இடம் தாளைத் தொடுகிறது, அழியாமல் நின்றால் பள்ளம். அரைமணி நேரம் தேய்த்தும் பிளேடு வெளியே நீட்டும் வாய்க்குப் பக்கத்தில் மூன்று கோடுகள் அப்படியே நின்றன.

"அழுத்தித் தேய் மா."

"அழுத்தக் கூடாது பா. அதும்பாட்டுக்குப் போகணும். நீ உள்ள போய் டீ குடி."

சீக்கிரம் முடிந்தால் அந்த இரும்பை அவளிடமிருந்து வாங்கிவிடலாம். என் நினைப்பெல்லாம் அதுதான். இழைப்புளியின் முன்பக்கக் குமிழைப் பிடித்திருந்த அவளது இடது கையின் மேல் என் கையை வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தினேன்.

பெரிய சத்தம்கூட வரவில்லை. கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிளந்தது. இழைப்புளி சரிந்தது; அவள் கை குமிழிலிருந்து நழுவி, உடைந்த விளிம்பின் மேல் இறங்கியது. அதற்கு மேல் என் கை இருந்தது, என் எடையும். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்திருந்தன. ஆபரேஷன் செய்து இணைத்தார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "கண்ணாடி உடைஞ்சிடுச்சு டாக்டர்." அம்மாவிடமும் அதையேதான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. போன வாரம் டாக்டர் கையை மூடச் சொன்னார். மோதிர விரல் உள்ளங்கையைத் தொட்டது. சுண்டு விரல் பாதியில் நின்றது. இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்," என்றேன்.

"என்னன்னு?"

"நான்தான் அழுத்தினேன்னு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு பா. எனக்கும் சொல்லாம வெச்சிருக்கறது கஷ்டமா இருக்குது."

அன்று மாலையே சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள்.

இத்தனை நாளும் காலையில் மகளின் விரல்களுக்கு எண்ணெய் தடவி, மெதுவாக மடக்கி நீட்டி விடுவது நான்தான். மறுநாள் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனபோது, மனைவி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க தொட வேணாம்," என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை அம்மாவிடம் நீட்டினாள்.