டொமினிக் பேரில் இருந்த வேன்

அந்தோணிமுத்து, மலேசியாவில் ஆயர் தாவார் என்ற ஊரை அடுத்த இரட்டைமலைத் தோட்டத்து ரப்பர் ஆலையில் இருபத்து மூன்று வருஷம் பிட்டராக இருந்தவர். எந்த இயந்திரமும் அவர் கைக்குப் பணியும். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் போதும், இரண்டடி பின்னால் போய் நின்றுவிடுவார். காரணம், அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நாட்டில் இருக்கலாம், குடிமகன் இல்லை. அதே சிவப்பு அட்டை வைத்திருந்த அவருடைய தம்பி, வேலை பெர்மிட் கிடைக்காமல் 1970-இல் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினான். போனவன் போனவன்தான்.

1973 ஜூனில் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். லூமுட் கடற்கரையில் போய்த் தங்குவதற்காக அவர் வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்று ஆறு வருஷமாக ஓடாமல் கொட்டகையில் துருவேறிக் கிடந்தது. 1959-ஆம் வருஷத்து வண்டி, எண் ஏ 4172. உள்ளே கட்டிலும் அலமாரியும், மேலே தூக்கி விடுகிற கூரையும் இருந்தன. அதை அந்தோணிமுத்துவுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

பேர் மாற்ற வேண்டும். மனைவி எல்ஸியின் தம்பி டொமினிக் ஈப்போவில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தான். நீல அட்டைக்காரன், அதாவது குடிமகன்; மலாய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சிவப்பு கார்டுக்குப் பேர் மாத்தமாட்டான் மச்சான். போய் நின்னா உங்க பழைய ஃபைலத்தான் தோண்டுவான். என் பேருல போட்டுக்குவோம். வண்டி என்னிக்கும் உங்களுதுதான்லா" என்றான்.

அந்தோணிமுத்து அவனுக்குக் கோழியடித்துச் சோறு போட்டார்.

ஒன்பது வருஷம் ஞாயிறு பூசை முடிந்தால் அவர் வேனுக்கடியில்தான் கிடந்தார். தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். இஞ்சினை மூன்று முறை இறக்கி ஏற்றினார். மெராந்திப் பலகையில் கட்டில் அடித்தார். எல்ஸி ஜன்னல்களுக்கு நீலத் திரை தைத்தாள். இடது பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பளபளத்தது. வலது பக்கம் இன்னும் துரு தடுக்கும் சிவப்புப் பூச்சோடு நின்றது. கூரை ஒழுகியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அதற்குப் பாதி மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள்.

1982 ஜனவரியில் தோட்டம் கைமாறியது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு பலகை வீடு விலைக்கு வந்தது. முன்பணம் ஆயிரம் வெள்ளி. அந்தோணிமுத்துவிடம் விற்பதற்கு இருந்தது வேன் ஒன்றுதான். ஈப்போ இரும்புக்கடைக்காரர் பூங் வந்து பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், கூரையைத் தானே முடித்துக்கொள்வதாகச் சொல்லி இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒத்துக்கொண்டார். அன்றிரவே எல்ஸி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

மார்ச் 18, வியாழக்கிழமை. வேனை ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போனவர் அந்தோணிமுத்து. உடைமைக்காரனாகிய டொமினிக்குக்கு அதில் ரிவர்ஸ் கியர் எங்கே விழும் என்றுகூடத் தெரியாது. பதிவு அலுவலகத்தில் டொமினிக்கும் பூங்கும் கவுண்டருக்குப் போனார்கள். அந்தோணிமுத்து வழக்கம்போல இரண்டடி பின்னால் நின்றார். டொமினிக் கையெழுத்துப் போட்டான். வாங்குகிறவருடைய அட்டையைக் கேட்டார்கள். பூங் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார்.

சிவப்பு அட்டை.

கவுண்டரில் இருந்த கிளார்க் கார்த்திகேசு எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார், முத்திரை குத்தினார், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பூங் கிளம்பி வெளியே போனார். அந்தோணிமுத்து தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே கவுண்டரை நெருங்கி, சிவப்பு அட்டைக்காரர் பேரில் வண்டி போடலாமா என்று கேட்டார்.

"என்னண்ணே, தாராளமாப் போடலாம். எப்பவும் உள்ளதுதானே" என்றார் கார்த்திகேசு.

டொமினிக் வாசலில் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். பணம் முழுவதும் அவன் கையில்தான் கொடுக்கப்பட்டிருந்தது. கிராண்ட் என்கிற வண்டிப் பதிவுப் பத்திரத்தில் இருந்த பேர் அவனுடையது. பணத்தில் இருநூறு வெள்ளியைப் பிரித்து அந்தோணிமுத்துவிடம் நீட்டினான்.

"நீதானே சொன்ன, சிவப்பு கார்டுக்கு ஆகாதுன்னு" என்றார் அந்தோணிமுத்து.

"நான் சொன்னேன். நீங்க ஒருநாளாவது வந்து கேட்டீங்களா?"

மீதிப் பணம் எங்கே என்று கேட்டார். 

"ஒன்பது வருஷம் என் பேரு ஓசியிலயா நின்னுச்சு மச்சான்? பஸ் ஆறரைக்கு. போங்க, அக்கா தேடும்" என்று சொல்லி, பஸ்ஸுக்கென்று தனியாக ஐந்து வெள்ளியை அவர் சட்டைப்பையில் செருகினான்.

வெளியே பூங் ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தோணிமுத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கியர் தடியைக் கீழே அமுக்கி இழுத்துக் காட்டினார். நீலத் திரைகளோடு வேன் போய்விட்டது.

புகார் கொடுக்கச் சொல்லி எல்ஸி இரண்டு நாள் அழுதாள். புகார் கொடுக்கவும் ஒரு கவுண்டரில்தான் போய் நிற்க வேண்டும். அவர் போகவில்லை. புந்தோங் பலகை வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் முப்பதாம் தேதி அவர்கள் குடிபோனது டொமினிக் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு. மாதம் முப்பது வெள்ளி வாடகை. முதல் மாதத்தை அந்த இருநூறிலிருந்தே எடுத்துக்கொண்டான். ஏப்ரல் மழையில் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. எல்ஸி சட்டி வைத்துக்கொண்டிருந்தபோது டொமினிக் குடையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"அந்த வேன் கூரையத்தான் முடிக்கல. இதையாவது முடிங்க மச்சான்" என்றான்.

அந்தோணிமுத்து ஏணியைத் தேடி எழுந்தார்.