கப்பலில் வந்த முன்பல்

மதராஸிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறுகிற யாரும் தம் சாமானோடு மட்டும் போய்விட முடியாது. ஊறுகாயிலிருந்து மூக்குக்கண்ணாடி வரை தீவுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் போகிறவர் கையில்தான் போகும். கல்யாணமான கையோடு அங்கே வேலைக்குப் போய்விட்ட என் கணவரிடம், ஒரு வருஷம் கழித்து நான் கிளம்பியபோதும் அதே கதைதான். துறைமுகக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த என்னிடம், பல் கட்டுகிற கடைக்காரர் ஒருவர் வந்து ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி பல் டாக்டரிடம் சேர்க்க வேண்டுமாம். திறந்தால், பஞ்சுக்குள் ஒரு பீங்கான் முன்பல்.

யாருடையது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் மாட்டிக்கொள்ளப் போகிறவர் என்னென்ன படுவார் என்பதை நான் கேட்காமலே சொல்லித் தீர்த்தார். உடைந்த பல்லைச் சின்ன முளை மாதிரி ராவி, அதன்மேல் இந்த உறையைச் சிமெண்டு வைத்து ஒட்டுவார்கள். சில நாள் நாக்கு அங்கேயே போய் நிற்கும். பச்சைத் தண்ணீர் கூசும். கரும்பைக் கடிக்கவே கூடாது. மற்ற பற்களில் கறை ஏறும், இதில் ஏறாது. அதனால் பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்துத்தான் செய்ய வேண்டும், டாக்டர் சொன்ன நிறம் இது, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். யார் பல்லுக்கோ நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்?

நிறம் என்னவோ நல்ல பழுப்புதான். கப்பலில் எனக்குப் பக்கத்துப் படுக்கை, போர்ட் பிளேர் ஷாதிபூரில் குடியிருக்கும் ஒரு தூத்துக்குடி அக்கா. வாந்தி எடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரனைக் கற்பனை செய்வதே எங்களுக்கு வேலை. சிடுமூஞ்சிக் கான்ட்ராக்டர் என்றேன் நான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தீவில் இருந்து இருந்து அவள் பேச்சில் 'நிச்சயம்' என்பதுகூட இந்தியில்தான் வரும்.

"ஆளு ஜரூர் டீயாக் குடிச்சுத் தள்ளுறவன். வீட்டுல பொண்டாட்டி இருக்க மாட்டா."

போர்ட் பிளேரில் கப்பல் வந்து அணையும் ஜெட்டித் துறையில் என் கணவர் நின்றிருந்தார். பெண் பார்க்க வந்தபோது வாய் நிறையச் சிரித்த மனுஷன். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் ஒரு வருஷத்தை ஓட்டினேன். நான் சிரித்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு, "டீக் ஹை" என்று மூடிய வாய்க்குள்ளிருந்து இந்தியில் ஒரு முனகல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெலானிபூர் மேட்டில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார். என்னை இவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவே செய்துவிட்டேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

குவார்ட்டர்ஸுக்குப் போனதும் ஊரார் பொட்டலங்களைக் கட்டிலில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கடைசியில் தீப்பெட்டி.

"இது எவனோ ஒரு டீக்குடியன் பல்லு. ஆஸ்பத்திரியில குடுத்துடுங்க. அப்படியே திரும்புற கப்பல்ல எனக்கு ஒரு டிக்கெட் போட்டுடுங்க."

அவர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அது என் பல்லுதான்."

வாயைத் திறந்து காட்டினார். முன்வரிசை நடுவில் ராவிய முளை ஒன்று. மழையில் அதே மேட்டில் சறுக்கி விழுந்து உடைத்துக்கொண்டாராம். முந்தின கப்பலில் பல் வந்துவிடும், மாட்டிக்கொண்டு ஜம்மென்று ஜெட்டிக்கு வரலாம் என்று திட்டம். அந்தக் கப்பல் ரிப்பேருக்குப் போய்விட்டது. பல்லும் பெண்டாட்டியும் ஒரே கப்பலில், அதுவும் பெண்டாட்டி கையிலேயே பல் வந்து இறங்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"ஒரு வருஷம் கழிச்சு வர்றே. இந்த மூஞ்சியோடயா உன் முன்னாடி நிக்கிறதுன்னு இருந்துச்சு."

கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கப்பலில் நாங்கள் பேசியதைச் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முளை தெரியத் தெரிய.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் பல்லை ஒட்டினார். நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கண்ணாடியை நீட்டினார். இவர் அதை வாங்காமல் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.