தவமணி வால்வைத் திறந்த நாள்

காஜா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். “தவமணி அண்ணே போயிட்டாங்கண்ணே, விடியக்காலைல” என்றான். நாற்காலியிலிருந்து எழ எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. செல்லூரில் நானும் தவமணியும் கூட்டாக நடத்திய பட்டறையில் வேலை பார்ப்பவன் காஜா. அவரை அறிந்த உங்களுக்கும் இந்நேரம் செய்தி வந்திருக்கும்.

திருவாதவூரில் வயல் இருந்தும் இரும்பைத் தேடி வந்தவர் தவமணி. பஸ்களுக்குப் புகைக்குழாய் செய்வது எங்கள் தொழில். கிளை பிரிகிற இடத்தில் வெல்டிங் விட்டுப்போய், குழாய்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும். “ஒட்டுனாத்தானே மாப்ள விடும்? ஒட்டே இல்லாம செஞ்சா?” என்றார் ஒருநாள். குழாயை இரும்பு அச்சுக்குள் பூட்டி, இரு முனைகளையும் அடைத்து, உள்ளே பம்பால் தண்ணீரை அழுத்தினால் குழாய் உப்பி அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். கேட்க எளிது. அந்தக் கோடை முழுக்கக் குழாய்கள் வெடித்தன. நனைந்த சட்டையோடு வீடு திரும்பினோம். “குடிக்கத் தண்ணியில்ல, இவிங்க இரும்புக்கு ஊத்துறாய்ங்க” என்றார்கள் தெருவில் குடத்தோடு நின்ற பெண்கள். அன்றைக்கே அவர் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து அச்சுக்குக் கீழே வைத்தார். மறுநாள் முதல் சிந்தும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதையே திரும்ப ஊற்றினோம்.

ஒருவழியாகச் சில குழாய்கள் ஒழுங்காக வந்தன. ஆர்டர் கொடுக்கும் முன் வண்டிக் கம்பெனியிலிருந்து இருவர் பார்க்க வந்தார்கள். அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது அச்சுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். காஜா அதன் பக்கத்தில் நின்றிருந்தான். தவமணி உடனே வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டார்.

“இன்னும் கொஞ்சம் ஏத்தினா முடிஞ்சிருமே” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“வேணாம் சார். பிரிச்சுப் பாத்துட்டுத்தான் மத்தது.”

அவர்கள் காத்திருக்கவில்லை. பிறகு வரவும் இல்லை. அச்சைப் பிரித்தால், நகம் நுழையும் அளவுக்கு விரிசல்; இன்னும் ஏற்றியிருந்தால் அச்சே வெடித்துச் சிதறியிருக்கும்.

“இம்புட்டு பாடும் வீணாப் போச்சே மாப்ள” என்றேன்.

“ஆர்டர்தானே போச்சு. காஜா வீட்டுக்குப் போறான்ல” என்றார்.

புது அச்சு செய்ய எங்களுக்குத் தெம்பில்லை. மறுநாள் மனமில்லாமல் தாமதமாகப் போனேன். பட்டறை திறந்திருந்தது. தூங்காத முகத்தோடு தவமணி பழைய மாதிரிக் குழாய் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “வா மாப்ள, அந்த முனையப் பிடி” என்றார். வந்துபோனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அதன்பின் இத்தனை வருஷமும் அதே ஒட்டுக் குழாய்களைத்தான் செய்தோம்.

எனக்கும் இப்போது உடம்பு சீக்கிரம் அசந்துவிடுகிறது. தோற்றதற்கு மறுநாளும் யாரையும் நொந்துகொள்ளாமல் வேலைக்கு வந்துவிடுவது. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று சொல்ல என்னிடம் இருப்பது அதுதான். இனிக் காலையில் பட்டறையை நான்தான் திறக்க வேண்டும்.