வாவியிலிருந்து ஏற்றிய படகு

மழை பிடித்த இரண்டாம் நாள் காலையில் நான் கண்டியில் இருந்தேன். கெலிஓயாவில் எனக்கு ஒரு துணிக்கடை. பெருநாள் சரக்கு எடுக்க வந்தவன், மழை விடாததால் கண்டிக் கடைத்தெருவில் மச்சானின் கடையிலேயே படுத்துவிட்டேன். ஊரில் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அங்கே என் மனைவியும், பிறந்து நாற்பது நாள் கழியாத பெண்குழந்தையும், கம்பு ஊன்றி நடக்கும் மாமனாரும் இருந்தார்கள்.

எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரர் ரயில் பாதை வழியே நடந்து வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு.

"நாநா, ஆறு கடைவீதிக்குள்ள வந்திருச்சி. கடைவீதியாக்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் பின்னால மேட்டுல ஏறிட்டாங்க. ஒங்கட வீட்டாக்கள்தான் பரண்ல மாட்டிக்கிட்டு ஈக்கிறாங்க. கூப்பிட்டா ராத்தாட சத்தம் கேக்குது." என் மனைவியைத்தான் அவர் ராத்தா என்பார்.

"தோணி ஒண்டும் இல்லியா?"

"எல்லாத் தோணியையும் ஆறு கொண்டு போயிட்டு."

கண்டியில் படகு என்றால் வாவியில்தான். தார் பூசிய தட்டையான மரப்படகு ஒன்று பாசி அள்ளுவதற்கென்று அங்கே கிடந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் நகரசபையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர். என் கடைக்கு இரண்டு மூன்று தடவை வேட்டி வாங்க வந்திருக்கிறார், அவ்வளவுதான் பழக்கம். மச்சானிடம் வழி கேட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். நெற்றியில் திருநீறு காயாமல் வாசலுக்கு வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேலிடத்திலை கேட்டுக்கொண்டு நிக்க நேரமில்லைத் தம்பி. கொட்டில் பூட்டின்ரை திறப்பு என்னட்டத்தான் கிடக்கு. வாறன்" என்று சொல்லிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் இறங்கினார்.

படகை இழுக்க வாகனம் வேண்டும். சந்தைப் பக்கம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துச் சின்ன லொறி ஒன்று நின்றது. மலைப்பாதை சரிந்துவிட்டதால் திரும்பிப் போக முடியாமல் சாரதி உள்ளே சுருண்டு கிடந்தார். கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். "ஏறுங்க மொதலாளி. தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

வாவிக்கரையில் கல் பாவிய சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். மேலே கொட்டகையில் படகை ஏற்றும் வண்டி இருந்தது, இரும்புச் சக்கரம் வைத்தது. அதை லொறியின் பின்னால் பூட்டி, சாரதி பின்புறமாகவே தண்ணீருக்குள் இறக்கினார். எழுதுவினைஞரும் நானும் மார்பளவு நீரில் நின்று படகை வண்டிமேல் மிதக்கவிட்டுக் கயிற்றால் இறுக்கினோம். அதுவரை எல்லாம் சரியாக நடந்தது.

லொறி இழுத்தது. படகின் முனை நீரைவிட்டு எழும்பியதும் லொறியின் பின்சக்கரங்கள் பாசிக்கல்லில் சுழல ஆரம்பித்தன. கொஞ்சம் ஏறும், பிறகு முழுப் பாரமும் சேர்ந்து வழுக்கிக் கீழே வரும். சாரதி மரக்கறிச் சாக்குகளை எடுத்துப் போட்டார். சக்கரங்கள் அவற்றைக் கிழித்துப் பின்னால் எறிந்தன. அடுத்த தடவை லொறி இன்னும் கீழே வழுக்கி, புகைக்குழாய்க்குள் தண்ணீர் போய் எஞ்சின் நின்றுவிட்டது.

அந்த அமைதியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வண்டிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோளால் தள்ளினேன். அது அசையவே இல்லை. "யா அல்லாஹ்" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. பரணுக்கும் கீழே இருக்கும் தண்ணீருக்கும் இடையில் இப்போது எவ்வளவு இடம் இருக்கும் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"கொட்டில் கதவைக் கழட்டுங்கோ" என்றார் எழுதுவினைஞர்.

இருவரும் கதவைப் பிடுங்கி, பலகைகளைப் பிரித்து லொறிச் சக்கரங்களுக்கு முன்னால் செருகினோம். சாரதி லொறியின் முன்னாலிருந்த கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, கை ஓய்ந்த பிறகு எஞ்சின் இருமி எழுந்தது.

"நான் ஏறுறப்போ பின்னால கல்லு வைங்க. இல்லாட்டி மறுபடி வந்துரும்" என்று கத்தினார்.

லொறி ஒரு முழம் ஏறும். எழுதுவினைஞர் ஒரு பக்கச் சக்கரத்துக்கும் நான் மறு பக்கச் சக்கரத்துக்கும் கல் கொடுப்போம். பலகையை எடுத்து மறுபடி முன்னால் போடுவோம். இப்படியே ஏறிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்த முனகல் ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். "ஒண்டுமில்லை, போகட்டும்" என்றார். படகு தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் வலக்கையை வேட்டித் தலைப்பில் சுற்றியிருந்ததையும், வேட்டி சிவந்திருந்ததையும் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கேட்காமல் லொறியில் ஏறி உட்கார்ந்தார்.

பேராதெனியைத் தாண்டி, ஊருக்கு முன்னாலேயே தெரு தண்ணீருக்குள் இறங்கியது. அங்கே படகைத் தள்ளிவிட்டோம். சாரதியும் நானும் மூங்கிலால் ஊன்றினோம். கடைவீதியில் பெயர்ப்பலகைகளின் உயரத்தில் போனோம். எங்கள் வீட்டில் கூரை மட்டும் தெரிந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். ஓட்டின் அடியிலிருந்து யாரோ தட்டும் சத்தம் வந்தது.

ஓடுகளைப் பிடுங்கி எறிந்தோம். மேல்வளை மரத்தில் கால்களை இருபுறமும் போட்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். குழந்தையை முந்தானையால் நெஞ்சோடு கட்டியிருந்தாள். கால்கள் தண்ணீருக்குள் கிடந்தன. குழந்தையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. உதடு அசைந்தது.

"வாப்பா எங்க?" என்று மாமனாரைக் கேட்டேன்.

"தண்ணி பரணுக்கு வந்ததும் எங்கள மேல ஏத்திவிட்டாங்க. புள்ளைய இறுக்கிக் கட்டிக்க மகள் எண்டு செல்லிக்கிட்டே ஈந்தாங்க. பொறகு செல்லல்ல."

கூரையிலிருந்து இறக்கும்போது அவள் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரையும் பள்ளிவாசல் மேட்டில் சேர்த்தோம். பெண்கள் குழந்தையை வாங்கி, வயிற்றோடு அணைத்துச் சூடு கொடுத்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு அது அழுதது. நான் படகை எடுத்துக்கொண்டு மாமனாரைத் தேடிப் போனேன். அவர் கிடைக்கவில்லை. வழியில் கூரைகளிலும் பலாமரத்திலும் இருந்தவர்களை ஏற்றி இறக்கினோம். எழுதுவினைஞர் இடக்கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார். மாலையில் சாரதிதான் அவரை வற்புறுத்தி லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, ஆற்றங்கரை மூங்கில் புதரில் மாமனார் கிடைத்தார். அவருடைய மையத்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய ஊரில் சுத்தமான கிணறு ஒன்றுகூட இல்லை. மேட்டு வீட்டார் மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீரைக் குடங்களில் சுமந்து தந்தார்கள். என் மனைவிக்குப் பால் வற்றிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி தன் பிள்ளையோடு எங்கள் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். அடக்கம் முடிந்து நான் திரும்பி வந்தபோது, அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நழுவிக் கிடந்த போர்வையை இழுத்து அவள் தோளை மூடினேன்.