கிழங்கு தின்ற கோழிகள்

எங்கள் ஷெட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, "கூலிக்குத்தானே வளத்தறீங்க" என்று குஞ்சும் தீவனமும் தந்து எங்களிடம் வளர்க்க விடும் கோழிக் கம்பெனியின் சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தமாகக் குஞ்சு வாங்கி விட்டார். இந்த ஒரு தடவை விற்றுக் காட்டிவிட்டால் இனி எவன் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றார். விற்காவிட்டால் திரும்பவும் அதே கம்பெனிதான்.

தீவன மூட்டையும் வெளியில் வாங்குவதில்லை என்று ஒரே பிடிவாதம். மக்காச்சோளத்துக்குப் பதிலாக எங்கள் தோட்டத்துக் குச்சிக்கிழங்கு. மரவள்ளிதான், மலையாளிகள் கப்பை என்பதும் அதைத்தான். பச்சையாகப் போட்டால் கோழி சுருண்டுவிடும். அதனால் தோலைச் சீவி, மெல்லிசாக நறுக்கி, களத்தில் நன்றாகக் காயவைத்து, மில்லில் அரைத்தோம். சீவியது நான், பேர் அவருக்கு. புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து வைத்தபோது, தூசி பறக்கிறதென்று கோழிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தண்ணீர் தெளித்துப் பிசிறிய பிறகு தட்டைக் காலி செய்தன. நன்றாகவே பெருத்தன.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த வியாபாரி ஒன்றைத் தலைகீழாகத் தூக்கினார். எடை போடும் முன்பே காலைப் பார்த்தார். மக்காச்சோளம் தின்ற கோழிக்குக் கால் மஞ்சளாக இருக்கும். எங்களுடையது வெள்ளைவெளேரென்று இருந்தது. சீக்குக் கோழி என்றார். என் வீட்டுக்காரர் அதையே அறுத்து என்னிடம் கொடுத்தார். குழம்பு வைத்து, கிழங்கும் வேகவைத்துப் பரிமாறினேன். வியாபாரி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எலும்பைக்கூட விடவில்லை.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ருசியில ஒரு கொறையும் இல்லீங்கண்ணா. ஆனா கடைக்கு வர்றவங்க காலப் பாத்துத்தானுங்க வாங்கறாங்க. நான் என்னங்க பண்றது?"

வண்டி காலியாகவே திரும்பியது. வயிறாரத் தின்றுவிட்டுச் சொல்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு ஓட்டல்காரர் தான் சொன்ன அடிமாட்டு விலைக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்; குஞ்சு வாங்கிய காசுகூடத் தேறவில்லை. குழம்புக்குள் போன பிறகு காலை யார் பார்க்கப் போகிறார்கள்.

"ஏனுங்க, இன்னொருக்கா பாக்கலாமுங்க" என்றேன். அவர் வாசலுக்குப் போய் அந்த சூப்பர்வைசருக்கே போன் போட்டார். குஞ்சு எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டார். அவர் குரலில் அவ்வளவு பணிவை நான் அதுவரை கேட்டதில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.