சொட்டக்கா கோட்டை விட்ட கட்டு

மூங்கில் பலகைத் தொழிற்சாலையில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர். ஒன்பது வருஷமாக இழைப்பு மெஷினில் நிற்கிறாள். நீளவாக்கில் பிளந்த மூங்கில் பத்தையின் இரண்டு பக்கமும் சீவி, மேல்தோலின் மெழுகுப் பளபளப்பைப் போக்கி அனுப்ப வேண்டும். கட்டுக்கு ஒரு பத்தையை உருவி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். பரவி ஊறினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் தோல் இன்னும் இருக்கிறது, பசை பிடிக்காது, பலகை என்றைக்கிருந்தாலும் வாயைப் பிளக்கும். "இவளை விட்டா மூங்கிலைக் குளிப்பாட்டிப் பவுடரும் போடுவா" என்று அடுத்த அறையில் பசை பூசும் அவள் வீட்டுக்காரரே கிண்டலடிப்பார்.

அப்பேர்ப்பட்டவள் திங்கட்கிழமை கோட்டை விட்டாள். புதிதாக மாட்டிய பிளேடு ஒரு நூல் உயரமாக உட்கார்ந்துவிட்டது. ஆவியில் வெந்து பழுப்பேறிய பத்தைகள் வேறு, தோல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கென்று பார்த்து அவசரத்தில் சொட்டும் விடவில்லை. சாப்பிட்டு வந்த பிறகுதான் கீழே கிடந்த ஒரு பத்தையை நகத்தால் சுரண்டினாள். வழுக்கியது. பதறிப்போய்ப் பிளேடை இறக்கிவிட்டுப் பசை அறைக்கு ஓடினால், காலையில் அனுப்பிய கட்டு, அழுத்திப் பலகையாக்கும் பிரஸ்ஸுக்குள் போயிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷப் பெருமை வாயை அடைத்துவிட்டது. ஆனால் பலகை பிளந்தால் முதலில் பிடிபடுவது பசைக்காரர்தான். இரண்டு மாதம் முன்பு பசை கலந்ததில் தப்பு நடந்தபோதே, "இன்னொண்ணு பிளந்தா வேலைக்கு வராதே" என்று மேனேஜர் அவரிடம் சொல்லியிருந்தார். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்ட வீட்டுக்காரரிடம் பல்வலி என்றாள்.

வியாழக்கிழமை, அந்தக் கட்டின் பலகையில் வெட்டி, ஒட்டைச் சோதிக்கக் கொதிக்கவைத்துக் காயவைத்த துண்டுகளைச் சூப்பர்வைசர் மேஜையில் பரப்பினார். வீட்டுக்காரர் பக்கத்தில் கைகட்டி நின்றார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், அது பிளந்துதான் இருக்கும். நான்தான் சரியா சீவலை. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

சூப்பர்வைசர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டிய இடத்தில் உளியை வைத்துத் தட்டினார். மூங்கில் நார்தான் கிழிந்ததே தவிர, ஒட்டு அசையவில்லை. "எங்கேம்மா பிளந்திருக்கு? கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "பூசுறப்ப பசை திட்டுத்திட்டா ஒதுங்குச்சு சார். இவ மாதிரியே தண்ணி விட்டுப் பார்த்தேன், உருண்டு நின்னுச்சு. சாப்பாட்டு நேரத்துல நாப்பது பத்தையையும் கை இழைப்புளியால சீவிட்டேன்."

"இனிமே ரெண்டு பேரும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் நோட்டில் 'சரி' என்று எழுதிவிட்டு நகர்ந்தார். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்காரர் நாளைக்கும் வேலைக்கு வருவார்.

"என்கிட்ட ஏங்க சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீயே பிளேடை இறக்கிட்டிருந்தே. மூஞ்சியைப் பார்த்தா சொல்ல மனசு வரலை."

"அதுக்கு? மூணு நாளா பட்டினி கிடந்தேன்."

"பல்வலின்னியே," என்றார் அவர். "அதான் உனக்குத் துணையா நானும் சோத்தை விட்டுட்டு தினம் கஞ்சி குடிச்சேன்."